பொன்மானும் பிணைமானும்

நவம்பர் கடைசியில் நாங்கள் ஏழெட்டுக் குடும்பங்கள் கூடும் விருந்தில், மான்கறிச் சுக்கா மேசைக்கு வருவதற்கு முன்பே கைப்பேசிகள் சுற்றுக்கு வந்துவிடும். பளீர் ஆரஞ்சு மேலங்கி அணிந்த நம்மவர் ஒருவர் பனியில் மண்டியிட்டு, செத்த மானின் கொம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பார். பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை முனை?" எட்டு என்றால் ஒரு மரியாதை, பத்து என்றால் வேறு மரியாதை. யாராவது "நான் ஒரு பெட்டை மான் அடித்தேன்" என்றால், "பரவாயில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்வார்கள்.

இந்த ஆறுதலைத்தான் நான் எதிர்க்கிறேன். விஸ்கான்சின் மாநிலத்தின் தென்பாதியில், இன்றைய நிலையில், பெட்டை மானை அடித்தவர்தான் வேலையைச் செய்தவர். கொம்புக்காக ஒன்பது நாளும் பரணில் காத்திருந்து, கண்ணெதிரே போன பெட்டைகளையெல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர் தன்னைப் பொறுமைசாலி என்றும் தேர்ந்த வேட்டைக்காரர் என்றும் நினைத்துக்கொள்கிறார். அவர் தேர்வது காட்டுக்காக அல்ல, சுவருக்காக. நானும் நான்கு ஆண்டுகள் அப்படி இருந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் உரத்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

வேட்டையே கூடாது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாநிலத்தில் 1960 வாக்கில் ஓநாய் அற்றுப்போயிருந்தது. பிறகு மினசோட்டா பக்கமிருந்து திரும்பி வந்தாலும், அதன் இருப்பிடம் பெரும்பாலும் வடக்குக் காடுகள்தான். தெற்கே சோளமும் சோயாவும் விளையும் வயல்களுக்கு நடுவே, தீனிக்குக் குறைவில்லாமல், துரத்த ஆளில்லாமல் வெண்வால் மான் பெருகிக் கிடக்கிறது. ஓக் கன்று எழும்பும் முன்பே மேய்ந்துவிடுகிறது. காட்டுத் தரையில் வசந்தத்தில் பூக்கும் டிரில்லியம் போன்ற செடிகள் அருகிவருகின்றன. கிழட்டு மரங்கள் நிற்கின்றன, அவற்றுக்கு வாரிசு இல்லை. ஓநாயைக் கொன்றது மனிதன். அது விட்டுப்போன வேலையும் அவன் தலையில்தான் விடிந்திருக்கிறது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே பேச்சு. ஒன்று மட்டும் சொல்லிவிடலாம்: ஓநாய் முனைகளை எண்ணுவதில்லை.

நம் மொழியில் இதற்கான சொற்கள் எல்லாம் இருக்கின்றன. தொல்காப்பியத்தின் மரபியல், மானில் ஆணுக்குக் கலை, இரலை என்றும், பெண்ணுக்குப் பிணை என்றும், குட்டிக்கு மறி என்றும் பிரித்துப் பெயர் சொல்கிறது. ஆண், பெண், இளசு என்று பார்த்துப் பிரித்தறிந்தவர்களின் மொழி அது. நாமோ எல்லாவற்றையும் 'மான்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, கொம்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கிறோம். இனி இந்தக் கட்டுரையில் அந்தப் பழைய பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

கணக்கு எளிது. நல்ல தீனி கிடைக்கும் இடத்தில் வளர்ந்த பிணை ஆண்டுக்குப் பெரும்பாலும் இரட்டை மறி ஈனும். ஒரு கலை பல பிணைகளோடு சேரும். எனவே ஒரு மந்தையில் பத்துக் கலையும் பத்துப் பிணையும் இருந்து, கலைகளில் ஏழைச் சுட்டுவிட்டாலும், அடுத்த ஜூனில் பிறக்கும் மறிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. பிணைகளில் ஐந்தைச் சுட்டால், இந்த ஆண்டு ஐந்தும் அடுத்த ஆண்டு அவை ஈன இருந்த மறிகளும் சேர்ந்து குறையும். மந்தையின் அளவைத் தீர்மானிப்பது பிணை. கலையை எத்தனை சுட்டாலும் அது பெரும்பாலும் நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் பரிசு. ஆடு வளர்த்த எந்தக் குடும்பத்துக்கும் இது தெரியும். கிடாயை விற்றுவிட்டுப் பெட்டையை வைத்துக்கொள்கிறவன் மந்தையைப் பெருக்க நினைக்கிறான். இங்கே நாம் பெருக்கவா வந்திருக்கிறோம்?

இப்போது என் கதை. தென்மேற்கு விஸ்கான்சினின் மேடு பள்ளமான நாட்டுப்புறத்தில், பால் பண்ணை வைத்திருந்து ஓய்ந்துபோன ஒரு முதியவர் தன் நிலத்தில் என்னையும் என் நண்பர் ஒருவரையும் வேட்டையாட அனுமதித்தார். காசு வாங்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: "முதலில் எனக்காக இரண்டு பிணை அடியுங்கள். பிறகு உங்களுக்காக எது வேண்டுமானாலும்." வீட்டுக்குப் பின்சரிவில் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து ஓக் கன்றுகள் நட்டிருந்தார். ஒவ்வொன்றையும் சுற்றிப் பிளாஸ்டிக் குழாய். குழாயின் விளிம்பைத் தாண்டித் தலைநீட்டிய தளிர் மட்டும் கத்தரித்தாற்போல் இருக்கும்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் பரண் ஏறினோம். முதல் ஆண்டு ஒரே காலையில் ஐந்து பிணைகள் அறுபது கெஜத்தில் என்னைக் கடந்து போயின. சுடவில்லை. சுட்டால் சத்தத்தில் பின்னால் வரும் கலை கலைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கலை வரவில்லை. இரண்டாம் ஆண்டு ஓர் ஆறுமுனைக் கலை வந்தது. 'இன்னும் வளரட்டும்' என்று விட்டேன். மூன்றாம் ஆண்டு எதுவும் சரியாக அமையவில்லை. உரிமத்தோடு கூடுதல் காசில்லாமலே கிடைத்த கொம்பில்லா மானுக்கான டேக்குகள் மூன்று ஆண்டும் என் சட்டைப்பையிலேயே காலாவதியாயின. முதியவர் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார். "அமையவில்லை" என்பேன். அது பொய். அமைந்தது, நான்தான் வேண்டாம் என்றேன்.

நான்காம் ஆண்டு, தொடங்கிய சனிக்கிழமையே, நான் காத்திருந்தது வந்தது. பத்து முனை, தடித்த கழுத்து, மரத்தடி போன்ற உடம்பு. சுட்டேன். படம் எடுத்தேன். வாட்ஸப்பில் இருநூறு கட்டைவிரல்கள். தலையைப் பாடம் செய்யக் கொடுக்கும்போது, கழுத்து நிணநீர்ச் சுரப்பியைச் சோதனைக்கு அனுப்பினேன். நாளாகி முடிவு வந்தது: நோய் இருக்கிறது.

அந்த நோயைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: சுருக்கமாக சி.டபிள்யூ.டி. என்பார்கள். நாட்பட உடலை உருக்கும் நலிவு நோய். மாட்டுக்கு வந்த பைத்திய நோயின் உறவு. உருமாறிய புரதமான பிரியான்தான் காரணி. மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை, வந்த மான் பிழைப்பதில்லை. எச்சில், சிறுநீர், பிணம் வழியாக மண்ணில் கலந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும். விஸ்கான்சினில் 2001 வேட்டைப் பருவத்தில் மவுண்ட் ஹோரெப் ஊருக்கருகே சுடப்பட்ட மூன்று மான்களில் இது இருப்பது 2002 பிப்ரவரியில் தெரியவந்தது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானைத் தின்ன வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

ஆகவே உறைபெட்டியில் பெயரெழுதி அடுக்கியிருந்த கறி முழுவதும் குப்பைக்குப் போனது. என் அம்மாவின் முறைப்படி உப்பும் மஞ்சளும் தடவி உப்புக்கண்டத்துக்கென்று எடுத்துவைத்திருந்த துண்டுகளும் சேர்த்துத்தான். நான்கு ஆண்டுகளில் அந்த நிலத்திலிருந்து நான் வெளியே எடுத்தது ஒரே ஒரு மான், அதையும் யாரும் தின்னவில்லை. முதியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பெரியதாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த கோடையில், இனி அந்த நிலத்தில் தன் மருமகனின் கூட்டாளிகள் வேட்டையாடுவார்கள் என்று சொல்லி அனுப்பினார். நியாயம்தான்.

இது என் துரதிர்ஷ்டம் என்று நண்பர்கள் சொன்னார்கள். இல்லை. இந்த நோய் பிணைகளைவிட முதிர்ந்த கலைகளில் ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது. கலைகள் அதிகம் அலைகின்றன, அதிக மான்களோடு உரசுகின்றன. நோய் முற்றியுள்ள சில பகுதிகளில் சோதிக்கப்பட்ட முதிர்ந்த கலைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் நோயோடு இருக்கிறது. 'இன்னும் வளரட்டும்' என்று நாம் விடும் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கலை நோயை வாங்குவதற்கும் பரப்புவதற்கும் நாம் கொடுக்கும் தவணை. நான் தேர்ந்தெடுத்ததாக நினைத்தேன். உண்மையில் அந்த நிலத்திலேயே நோய்க்கு அதிக வாய்ப்புள்ள மானுக்காக நான்கு ஆண்டு தவம் கிடந்திருக்கிறேன்.

இந்தச் சண்டை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1943 இல், மான் பெருகிக் குளிர்காலத்தில் பட்டினியால் சாவதைக் கண்டு, பிணைகளையும் சுட விஸ்கான்சின் அனுமதித்தது. அந்த ஆண்டு ஏறத்தாழ 1,28,000 மான்கள் விழுந்தன. மக்கள் கொதித்துப்போய் அதற்கு '43 இன் குற்றம்' என்று பெயர் வைத்தார்கள். அந்த முடிவுக்குத் துணைநின்றவர் ஆல்டோ லியோபோல்ட். இளமையில் தென்மேற்கு மலைகளில் ஓநாயைச் சுட்டு, ஓநாய் குறைந்தால் மான் பெருகும், வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம் என்று நம்பியவர். பிறகு மான் தின்று தீர்த்த மலைகளைப் பார்த்து, தான் நம்பியது தவறு என்று எழுதியவர். மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தில் உட்கார்ந்து, பிணையைச் சுடுங்கள் என்று சொன்னதற்காக 1948 இல் சாகும்வரை வசை வாங்கினார். அவருடைய புகழ்பெற்ற நூல் அவர் செத்த மறு ஆண்டு வெளிவந்தது. இன்று அவர் பெயரில் பள்ளிகள் இருக்கின்றன. அவர் சொன்னதைச் செய்யத்தான் ஆளில்லை.

ஐம்பது ஆண்டு கழித்து, 1996 இல், மாநிலம் இன்னொரு வழியை முயன்றது. முதலில் கொம்பில்லாத மான் ஒன்றை அடித்துப் பதிவு செய், அதன் பிறகே கலையைச் சுட உனக்கு உரிமை. 'கலையைச் சம்பாதி' என்று அதற்குப் பெயர். அந்த முதியவர் எனக்குப் போட்ட நிபந்தனையேதான் இது. மான் மிகுந்த பகுதிகளில் அது வேலை செய்தது. வேட்டைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. என் பரணில், என் டேக்கில், எதைச் சுடுவதென்று சொல்ல அரசு யார் என்றார்கள். 2011 இல் சட்டமன்றம் அதைத் தடைசெய்து சட்டம் போட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகும் மாநிலத்தில் எந்த அரசியல்வாதி அதை எதிர்ப்பார்? சட்டம் கட்டாயப்படுத்தாது என்று ஆனபின் மிச்சமிருப்பது அவரவர் மனசாட்சி மட்டும்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்த் தரப்பு முட்டாள்களின் தரப்பல்ல. அவர்கள் சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

'இளம் கலையை விட்டால்தானே முதிர்ந்த கலை இருக்கும்? எல்லா வயதும் கலந்த மந்தைதானே ஆரோக்கியம்?' ஆம். நோய் இல்லாத இடத்தில் ஒன்றரை வயதுக் கலையை விடுவது தவறல்ல. ஆனால் இந்த யோசனையை முதலில் சொன்னவர்கள் அதோடு சேர்த்து, போதிய பிணைகளைச் சுட வேண்டும் என்றும் சொன்னார்கள். நாம் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டோம். கலையையும் விட்டு, பிணையையும் விட்டால் அதற்குப் பெயர் மேலாண்மை அல்ல, வேடிக்கை பார்ப்பது.

'சின்னக் கொம்பு, கோணல் கொம்பு உள்ளவற்றைக் கழித்தால் வம்சம் திருந்தும்.' இது நம்மவர்கள் மிகவும் விரும்பும் வாதம், அறிவியல் மாதிரி ஒலிப்பதால். கொம்பின் பரம்பரைக் கூறில் பாதி தாயிடமிருந்து வருகிறது. தாய்க்குக் கொம்பு இல்லை, எதைப் பார்த்துக் கழிப்பீர்கள்? முதல் ஆண்டில் ஒற்றை முனையோடு நிற்கும் கலை பெரும்பாலும் தாமதமாகப் பிறந்ததாகவோ தீனி போதாததாகவோ இருக்கும். டெக்சாசில் ஒரு பெரிய பண்ணையில் பல ஆண்டுகள் தீவிரமாகக் கழித்துப் பார்த்தார்கள். கொம்பு பெருக்கவில்லை. தெற்கு டகோட்டாவில், மலைப்பகுதியின் சிறிய மான்களைக் கொண்டுவந்து நல்ல தீனி போட்டு வளர்த்தபோது, அடுத்த தலைமுறையின் உடம்பும் கொம்பும் சமவெளி மான்களை எட்டின. கொம்பு வேண்டுமென்றாலும் வழி அதேதான்: வாய்களைக் குறை, தீனி மிஞ்சட்டும். பிணையைச் சுடு.

'தாயைக் கொல்லலாமா அண்ணே, வயித்துல குட்டி இருக்குமே?' எங்கள் கூட்டத்தில் இளையவர் ஒருவர் கேட்டது. என்னைச் சற்று நிறுத்திய கேள்வி இது ஒன்றுதான். நவம்பர் கடைசியில் பல பிணைகள் கருவுற்றிருக்கும், மறுக்கவில்லை. கோடையில் ஈன்ற மறி அதற்குள் பால் மறந்திருக்கும், தானே மேய்ந்து பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் பிணையின் குடலை எடுத்துச் சுத்தம் செய்யும்போது மடியில் கை படும் அந்தக் கணம் எனக்கு இன்னும் பழகவில்லை. பழகவும் வேண்டாம். ஆனால் தம்பி, ஆட்டுக்கறிக் கடையில் கிடாயா பெட்டையா என்று நாம் கேட்பது ருசிக்காகத்தானே, பாவத்துக்கு அஞ்சியா? தாய் மீதான இரக்கம் பரணில் மட்டும் வந்து, கடையில் காணாமல் போகுமென்றால் அது இரக்கமல்ல, சாக்கு. அந்தத் தாயை விட்டுவிட்டு, சுவரில் மாட்டும் தலைக்காகக் காத்திருக்கும்போது அந்தச் சாக்கு இன்னும் மலிவாகிறது.

'எல்லா இடத்துக்கும் ஒரே சட்டமா?' இல்லை. மாநிலத்தின் வடக்கே கடும் பனியும் ஓநாயும் மந்தையைக் குறைத்துவிடும் ஆண்டுகள் உண்டு. 2014 இல் வட மாவட்டங்கள் பலவற்றில் கொம்பில்லா மானைச் சுடுவதே நிறுத்தப்பட்டது. அங்கே, அந்த ஆண்டில், பிணையை விடுவதுதான் சரி. நான் சொல்வதும் அதுவே: எதைச் சுடுவதென்பதை நிலம் தீர்மானிக்கட்டும், சுவர் தீர்மானிக்க வேண்டாம்.

அப்படியென்றால் எதையும் தேர்ந்தெடுக்காமல் கண்டதையெல்லாம் சுடுவதா? அல்ல. தேர்வு வேண்டும், இப்போது இருப்பதைவிடக் கூடுதலாகவே வேண்டும். தனியாக வரும் சிறிய கொம்பில்லா மானைச் சுடாதீர்கள். அது பெரும்பாலும் இன்னும் கொம்பு முளைக்காத ஆண் மறி. இரண்டு மூன்றாக வரும்வரை பொறுங்கள். குட்டை முகமும் சதுரப்பெட்டி போன்ற உடம்பும் மறிக்கு. நீண்ட முகமும் நீளப்பெட்டி போன்ற உடம்பும் பிணைக்கு. ஓடும் மானை விடுங்கள். கிளை மறைக்கும் மானை விடுங்கள். உங்கள் கை தாங்காத தொலைவில் நிற்பது பன்னிரண்டு முனையானாலும் விடுங்கள். பெரிய கொம்பைக் கண்ட படபடப்பில் குடலில் சுட்டு, இரவெல்லாம் ரத்தத்தடம் தேடிக் கிடைக்காமல் திரும்பிய கதைகள் நம் கூட்டத்திலும் உண்டு. அவற்றை மட்டும் யாரும் படமாகக் காட்டுவதில்லை. நோய்ப் பகுதியென்றால் தலையைச் சோதனைக்குக் கொடுங்கள், முடிவு வரும்வரை தின்னாதீர்கள். உங்கள் உறைபெட்டி நிறைந்துவிட்டால், இரண்டாவது பிணையை அன்னதானத்துக்குக் கொடுங்கள். வேட்டைக்கறியைப் பசித்தோருக்குச் சேர்க்கும் ஏற்பாடு 2000 முதல் இந்த மாநிலத்தில் நடக்கிறது.

இதில் நமக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. வந்தேறிகளான நமக்கு அந்தப் பாடம் செய்த தலை வெறும் தலையல்ல. 'நானும் இந்த ஊர்க்காரன்' என்பதற்கான சான்றிதழ். கூடத்தில் நடராசருக்கு எதிர்ச்சுவரில் மாட்டி, வரும் வெள்ளைக்கார நண்பரிடம் சுட்ட கதையைச் சொல்லும்போது உள்ளே ஏதோ ஒன்று நிறைகிறது. எனக்கும் நிறைந்தது. ஆனால் ஊர்க்காரன் ஆவதற்கு இது குறுக்கு வழி. இந்த நாட்டின் வேட்டை மரபில் கொம்பை அங்குலக் கணக்கில் அளந்து பதிவேட்டில் ஏற்றுகிறவர்களும் உண்டு, லியோபோல்டும் உண்டு. கடன் வாங்குவதென்று ஆனபின் மட்டமானதை ஏன் வாங்க வேண்டும்? எனக்கு நிலம் கொடுத்தவர் என்னை ஊர்க்காரனாக்கத்தான் அழைத்தார். இரண்டு பிணை, அவ்வளவுதான் கேட்டார். நான் விருந்தாளியாகவே இருந்துவிட்டேன்.

பொன்மான் வேண்டும் என்று போனவர் கதையை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காட்டில் எத்தனையோ மான் மேய, மின்னிய ஒன்றின் பின்னால் போனதில் குடி கலைந்தது. கதையை ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம், பரணில் ஏறியதும் மறந்துவிடுகிறோம்.

இந்த ஆண்டு வேறொரு நிலத்தில், முதல் நாள் காலை ஏழரை மணிக்கு, மூன்றாக வந்தவற்றில் பெரிய பிணையைச் சுட்டேன். மறுநாள் இன்னொன்று. சோதனையில் இரண்டிலும் நோய் இல்லை. ஒன்று அன்னதானத்துக்குப் போனது. மற்றது விருந்து மேசையில் சுக்காவாக இருந்தது. கறி பஞ்சு போல் இருக்கிறதே என்றார்கள். எத்தனை முனை என்று யாரோ கேட்டார்கள்.

முனை இல்லை, இரண்டு பிணை என்றேன். ஆறுதல் சொல்ல வாயெடுத்தவரிடம், சுக்காவை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று தட்டை நகர்த்தினேன்.